மங்கிய படமும் மாற்ற வேண்டாத விளக்கும்

நம் கலாசாலை மாணாக்கர் சிலர் தம் கையாலேயே ஒரு வீடியோ புரொஜெக்டரைச் செய்து, சேர்வராயன் மலைமேலுள்ள கொட்டச்சேட்டுக்கு எடுத்துச் சென்று, ஓரிரவு ஊராருக்குப் படங்காட்டி மீண்டதை அன்பர்கள் அறிவார்கள். நாமும் உடன் சென்றிருந்தோம். படம் நன்கு அமையவில்லை. திரையின் நடுவே ஒரு வெள்ளொளி, மூலைகளிலோ இருள், எழுத்துக்கள் ஈரத்தாளில் எழுதியவை போல் ஊறிக் கிடந்தன. கானக விலங்குகளைப் பற்றிய அப்படத்தில் யானை தோன்றியபொழுது முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், “கண்ணு, அது யானையா, பாறையா?” என்று வினவினார். வினவியது கேலியன்று, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. எமக்கும் விளங்கியதென்று சொல்வதற்கில்லை.

மீண்டு வந்த மாணாக்கர் இப்பொழுது பணந்திரட்ட முற்பட்டிருக்கின்றனர். இருமடங்கு வலிமையுள்ள விளக்கொன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் குறையெல்லாம் தீர்ந்துவிடும் என்பது அவர்தம் துணிபு. அவ்விளக்கை வாங்கலாகாது என்பது நம் துணிபு. காரணங் கூறுவாம்.

கருவியின் அமைப்பு எளியதே. மரப்பெட்டியொன்றின் பின்புறத்தே எல்.இ.டி. விளக்கு. அதன் முன்னே ஒளியைத் திரட்டும் பிரெனெல் வில்லை. கனத்த கண்ணாடி வில்லையின் வளைவை வளையம் வளையமாக அரிந்து ஒரு மெல்லிய ஏட்டின்மேல் படிய வைத்தாற்போன்றது இது. பிரெஞ்சு நாட்டு அகஸ்டின் பிரெனெல் என்பார் கலங்கரை விளக்கத்துக்காக அமைத்தது. 1823-ஆம் ஆண்டில் கோர்துவான் கலங்கரையில் முதன்முதல் ஏற்றப்பட்டது. வில்லைக்கு முன்னே, பழைய டேப்லெட் ஒன்றினின்று பின்விளக்கை நீக்கிப் பிரித்தெடுத்த எல்.சி.டி. தகடு. பெட்டியின் முகப்பில், படத்தைத் திரைமேல் எறியும் குவிவில்லை. இந்நான்கும் ஒரு நேர்கோட்டில் நிற்க வேண்டும். கருவியின் சாஸ்திரம் முழுவதும் ஏறக்குறைய இவ்வளவே.

இனி, விளக்கின் ஒளி செல்லும் வழியைப் பார்ப்போம். எல்.சி.டி. தகட்டின் இருபுறத்தும் ஒளியின் அதிர்வை ஒரே தளத்துக்கு ஒடுக்கும் போலரைசர் ஏடுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. முதல் ஏடே பாதி ஒளியை விழுங்கிவிடும். எஞ்சியது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறவடிகட்டிகளுட் புகும். ஒவ்வொரு வடிகட்டியும் தன் நிறத்தை மாத்திரம் விட்டு ஏனையவற்றைத் தடுப்பதால், அங்கே மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. புள்ளிகளுக்கிடையே ஓடும் மின்தடங்களின் நிழலும் சேர, விளக்கினின்று தகட்டை எட்டிய ஒளியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட மறுபுறம் வருவதில்லை. வராத தொண்ணூறும் எங்கே போயின? பெரும்பகுதி தகட்டுக்குள்ளேயே வெப்பமாயிற்று. ஆதலால் விளக்கை இருமடங்காக்கினால் தகட்டின் சூடும் இருமடங்காகும். ஆனால் காண்போர் கண்ணுக்குப் படம் இருமடங்கு பொலிவாகத் தோன்றாது. ஒளி இரட்டித்தால் சற்றே தெளிந்ததாக உணர்வது கண்ணின் இயல்பு. செலவும் சூடும் முழுமையாக வரும்; பயனோ குறைவாக வரும். இஃது என்ன வாணிபம்?

அன்றிரவே இதன் அறிகுறி கண்டோம். படம் தொடங்கி முக்கால் மணி நேரம் கழிந்தபின் தகட்டின் நடுவே ஒரு கரிய கறை தோன்றி மெல்ல மெல்லப் பரந்தது. மாணாக்கர் தகடு பழுதாயிற்றென்று அஞ்சினர். அணைத்து ஆறவிட்டதும் கறை மறைந்தது. திரவப் படிகம் என்பது ஓரளவு சூட்டுக்கு மேற்பட்டால் தன் ஒழுங்கை இழந்து வெறுந் திரவமாகிவிடும். அப்பொழுது ஒளியைத் திருப்பும் ஆற்றல் அதற்கில்லை. இவ்வகைத் தகட்டில் அவ்விடம் கரியதாகும். ஆறினால் மீளும். மீளாத தீங்கு வேறொன்றுண்டு. வாரக்கணக்கில் சூடுபட்ட போலரைசர் ஏடு பழுத்து மஞ்சளிக்கும். அதன்பின் எவ்விளக்கை வைத்தாலும் வெண்மை வெண்மையாகத் தோன்றாது. நம் தகட்டின் நடுவே அம்மஞ்சள் இப்பொழுதே சிறிது படர்ந்திருக்கிறது. வலிய விளக்கை வாங்கியிருந்தால் அடுத்த பயணத்திலேயே தகடு முடிந்திருக்கும்.

அப்படியாயின் ஒளியை எங்ஙனம் மிகுவிப்பது? வீணாவதைத் தடுத்தாலே போதும். கலாசாலைக்கு மீண்ட மறுநாள் பெட்டியைச் சோதனைச்சாலை மேசைமேல் வைத்து, முகப்பு வில்லையின்மேல் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றைச் சேர்த்து விளக்கை ஏற்றினோம். திரட்டும் வில்லை ஒளியைக் குவித்து, விளக்கின் பிம்பத்தை முகப்பு வில்லையின் நடுவிலே வீழ்த்த வேண்டும். விழுந்ததோ ஓரத்தில். ஒளிவட்டத்திற் பாதி வில்லைக்குப் புறத்தே மரப்பலகையின்மேல் கிடந்தது! இருமடங்கு ஒளி வேண்டுமென்று பணந்திரட்டப் புறப்பட்டோம். அவ்விருமடங்கு நம் பெட்டிக்குள்ளேயே பலகைமேல் வீணாய்க் கிடந்தது. விளக்கை இரண்டு விரற்கடை நகர்த்தியதும் வட்டம் நடுவே வந்தது. திரையின் மூலையிருளும் பெரும்பாலும் அகன்றது. காசு ஒன்றும் செலவாகவில்லை.

குற்றத்தை ஊகித்துத் துணியலாகாது. ஒவ்வோர் உறுப்பாக விலக்கித் துணிய வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. வைத்தியன் நாடி பாராமல் மருந்து கொடுப்பானா? தகட்டை நீக்கிவிட்டுத் திரையில் விழும் வெற்றொளியை முதலில் பார்க்க வேண்டும். அது எங்கும் ஒரே சீராயிருந்தால் விளக்கும் திரட்டும் வில்லையும் தம் கடமையைச் செய்கின்றன. குறை தகட்டிலோ முகப்பிலோ இருக்கிறது. பின்னர்த் தகடிருந்த இடத்தில், மையால் எழுத்தெழுதிய தெளிந்த பிளாஸ்டிக் ஏடொன்றை நிறுத்த வேண்டும். அவ்வெழுத்தும் திரையில் ஊறித் தோன்றினால் தகட்டின்மேற் பழியில்லை. வில்லையைத்தான் விசாரிக்க வேண்டும். ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் மங்கினால் தகடும் வில்லையும் இணையாக நிற்கவில்லை. நடு தெளிந்து சுற்றிலும் மங்கினால் அது தனி வில்லையின் பிறவிக்குணம். நடுவே துளையிட்ட கரிய அட்டையை வில்லைக்கு முன் வைத்தால் ஒளி சிறிது குறையினும் தெளிவு மிகும். எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கரை கட்டினால் பூதக்கண்ணாடி ஒன்றையே வில்லையாக வைத்த சிக்கனத்தின் பலன் அது. இருவகைக் கண்ணாடி சேர்த்துச் செய்த வில்லையே அதற்கு மருந்து. மெல்லிய வளையங்கள் படத்தின்மேல் தெரிந்தால் பிரெனெல் ஏடு தகட்டை ஒட்டி நிற்கிறதென்று கொண்டு, ஒரு விரற்கடை பின்னே தள்ளுக.

தொலைவுக்கும் ஒரு கணக்குண்டு. நம் வில்லையின் குவிதூரம் 300 மில்லிமீட்டர். திரை 3 மீட்டருக்கு அப்பால் இருப்பின் தகடு வில்லைக்கு 333 மில்லிமீட்டர் பின்னே நிற்க வேண்டும். படம் ஒன்பது மடங்கு பெருகும். 15 சென்டிமீட்டர் அகலத் தகடு 135 சென்டிமீட்டர் அகலப் படமாகும். அன்று நம்மவர் செய்ததென்ன? ஊரார் பலர் வந்திருக்கின்றனர் என்று மகிழ்ந்து, படத்தை அதனினும் இருமடங்கு அகலமாக்கினர். அகலம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. அதே ஒளி நான்கு மடங்கு இடத்தில் பரவ வேண்டியதாயிற்று. விருந்தினர் மிகுந்தார்களென்று மோரில் நீரைப் பெருக்கிய கதை.

இவ்விடத்தில் மாணாக்கர் வெட்கப்பட வேண்டாமென்று ஒன்று சொல்வோம். ஒளியால் படமெறியும் மாயவிளக்கை 1659-ஆம் ஆண்டிலேயே ஹாலந்து தேசத்துக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அறிந்திருந்தார். பின்னர் 1671-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அதனை விவரித்த அத்தனாசியுஸ் கிர்க்கர் என்னும் இயேசு சபைப் பேரறிஞரின் சித்திரத்திலோ, கண்ணாடிப் படம் வில்லைக்குப் பின்னே நில்லாமல் முன்னே நிற்கிறது! அச்சித்திரத்தின்படியே ஒருவன் கருவி செய்தால் அதினின்று தெளிந்த படம் வாராது. கிர்க்கருக்கே அது நேர்ந்தது.

கொட்டச்சேட்டுக்கே உரிய குறையொன்றை மேசைமேற் காண இயலாது. அவ்விரவு குப்பனூர்ச் சாலை வழியே மலையேறுகையில் தேக்கங்காட்டினூடே பனிமூட்டம் இறங்கியிருந்தது. பெட்டி வண்டியின் புறத்தே குளிர்ந்து கிடந்தது. அதனை மக்கள் நிறைந்த, சன்னலடைத்த கூடத்துக்குள் கொணர்ந்ததும், கூட்டத்தின் மூச்சிலிருந்த ஈரம் குளிர்ந்த வில்லையின்மேல் நுண்டுளியாகப் படிந்தது. முதல் அரைமணி நேரம் படம் பால்போல் வெளுத்திருந்து பிறகு தானே தெளிந்ததன் காரணம் இதுவே. அந்த அரைமணி நேரமும் மாணாக்கர் வில்லையை முன்னும் பின்னும் உருட்டி, இருந்த குவியத்தையும் கெடுத்தனர். பெட்டியை ஒரு மணி நேரம் முன்னதாகவே கூடத்தில் வைத்து, விளக்கை ஏற்றி இளஞ்சூடாக்கியிருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. மலையில் வில்லைகளை ஈரத்தோடு பெட்டியில் மூடி வைத்தால் பூஞ்சை படரும் என்பதையும் நினைவிற் கொள்க. கண்ணாடியை அரிக்கும் அப்பூஞ்சையை முற்றத் துடைத்தெடுப்பது அரிது.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது அன்பரொருவர், “மலையூர்ச் சனங்களுக்கு இவ்வளவு நுட்பம் எதற்கு? எதையோ ஒன்றைக் காட்டினோம், மகிழ்ந்தார்கள், இதுவே போதும்” என்றார். நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தது விளக்கின் பொருட்டன்று; இச்சொல்லின் பொருட்டே.

இருப்புப்பாதை அலுவலில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, இயேசுநாதர் சரிதப் படத்தை ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டினார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் கொட்டகையையும் எழுப்பினார். இம்மலையின் அடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், 1935-இல் டி. ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். அதன் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. காசு கொடுத்துக் காணும் கூட்டத்தை நம்பி வாழ்ந்த தொழில் இது. படம் மங்கினால் கூட்டம் கூச்சலிடும். காசைத் திரும்பக் கேட்கும். கருவிக்காரன் உடனே திருத்துவான். இலவசமாகக் காட்டுபவனிடம் அவ்வாறு கேட்பார் யாருமில்லை. யானையைப் பாறையென்று கண்டாலும் ஊரார் கைகூப்பி வழியனுப்புவர். குறை கூறுவாரில்லாத இடத்தில் குறையைத் தேடுவது காட்டுபவன் கடமை. மலையாளி மக்களின் பிள்ளைகளுக்குக் கண்கள் நம் பிள்ளைகளின் கண்களைப் போன்றவையே. நகரத்தில் நாம் ஒப்பாத படத்தை அவர்கள்முன் விரிப்பதைத் தொண்டு என்று அழைக்க நமக்கு மனமில்லை. அவர்கள் யானையை அறியாதவர்களா? நம்மினும் நன்றாக அறிந்தவர்கள். திரையிலிருந்தது யானைபோல் இல்லையென்று அம்மூதாட்டி கண்டுகொண்டதற்கும் அதுவே காரணம்.

இதுவரை திரண்ட பணத்தை என் செய்வதென்றால், மஞ்சளித்த தகட்டுக்கு மாற்றுத் தகடொன்றும், நிறக்கரை கட்டாத கண்ணாடி வில்லையொன்றும், விளக்கின் சூட்டைத் தகட்டை அணுகவிடாது புறத்தே ஊதித் தள்ளும் விசிறியொன்றும் வாங்குக. எஞ்சியதில் சன்னல்களை மூடக் கனத்த கருந்துணி வாங்குக. அன்று முகப்பு வில்லையைக் கையால் மறைத்த பின்னும் திரைமேல் ஒளி தெரிந்தது. அவ்வொளி உள்ளவரை படத்தில் கருமை என்பதே இராது. வேட்டியைத் திரையாகக் கட்டுவதையும் விடுக. பாதி ஒளி அதனூடே பின்புறம் போய்விடுகிறது. கூடத்தின் சுண்ணாம்படித்த சுவரே நல்ல திரை. அடுத்த பயணம் கோடை விடுமுறைக்கு முன் என்று கேள்விப்படுகிறோம். அந்த யானைப்படத்தையே மறுபடியும் எடுத்துச் செல்க; அம்மூதாட்டியை முன்வரிசையிலேயே அமர்த்துக.