காடும் காவலும்

வனங்களைக் காக்கவேண்டுமாயின் அவற்றை அடுத்து வாழும் குடிகளை அகற்றிவிடவேண்டுமென்பார் சிலர். பூமியின் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில், கரியமிலவாயுவை உட்கொண்டு தம்மிடத்தே சேர்த்துவைக்கும் மரங்களைக் காத்தல் இன்றியமையாததென்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆயின் அக்காவலுக்கு உரியார் யாவர்? இவ்வினாவிற்கு நேபாள தேசத்தின் சரித்திரம் தக்க விடை பகர்கின்றது.

1957-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தார் தனியார் காடுகளை அரசுடைமையாக்கினர். தாம் பேணிவந்த காடு இனித் தமதன்றெனக் கண்ட மலைவாசிகள் அதன்பாற் கொண்ட அக்கறையை இழந்தனர். பலவிடங்களில் வனம் தேய்ந்தது. பின்னர் 1993-ஆம் ஆண்டின் வனச்சட்டம் கிராமத்தார் குழுக்களிடம் காட்டை ஒப்புவித்தது. நிலம் அரசினுடையது, விறகு, புல், மரம் ஆகியவற்றின் பயன் குழுவினுடையது. இன்று அத்தகைய குழுக்கள் 22,000-க்கு மேற்பட்டுள்ளன. மொட்டையாய் நின்ற மலைச்சரிவுகள் பல மீண்டும் பசுமை பூண்டன. பிழைப்பை நாடி ஊரார் பலர் பிறநாடு சென்றதும் இதற்கொரு காரணமே. எனினும் குழுக்களின் காவலே வளர்ந்த மரத்தை வெட்டாமல் நிறுத்தியது.

குழுக்களிடத்துக் குறையில்லையோவெனின், உண்டு. செல்வரும் உயர்குலத்தாரும் தலைமையைப் பற்றிக்கொள்ள, விறகையே நம்பிய ஏழைப் பெண்டிர் வெறுங்கையராய்த் திரும்புதல் ஆங்காங்கு நிகழ்கின்றது. அதனைத் திருத்துவதற்கு வழி, அவர்களுக்கும் குழுவில் இடமளித்தலேயாம். காட்டுக்கு வேலியிட்டு யாவரையும் விலக்கினால் முதலில் வருந்துவோரும் அவர்களே.

பயனை நுகர்வோனே பொறுப்பையும் ஏற்பான் என்பது நமது துணிபு. ஆதலின், காட்டில் அடங்கிய கரியைக் கணக்கிட்டு விலைபேசும் அரசுகள், அதனைக் காத்துநிற்கும் குடிகளின் உரிமையை முதற்கண் எழுத்தில் வரைந்தளித்தல் வேண்டும்.