பெரும்பான்மையே தகுதியா?

வென்றவனின் முழக்கத்தை வரலாறென எழுதி, வீழ்ந்தவன்மேல் தகுதியின்மையைச் சுமத்துவது தாளிகைகளின் பழைய வழக்கம். கணிப்பொறி இயக்கமுறைமைகளைப் பற்றி மேலைநாட்டுத் தாளிகைகள் எழுதியவற்றிலும் அவ்வழக்கமே மேலோங்கி நின்றது.

1995 ஆகத்து 24 அன்று மைக்கிரோசாப்டு நிறுவனம் 'விண்டோசு 95'ஐ வெளியிட்டது. இலண்டன் 'டைம்சு' நாளிதழின் அற்றைப் படிகள் அனைத்திற்கும் அந்நிறுவனமே விலை கொடுத்தது. 15 இலக்கம் படிகள் விலையின்றி வழங்கப்பெற்றன. செய்தியை ஆய்ந்துரைக்க வேண்டிய தாளே சரக்கு விற்பவனின் பணத்தில் மக்கள் கைக்குச் சென்றது!

அதே நாளில் நிகழ்ந்த மற்றொன்றோ, 1999இல் அமெரிக்க வழக்குமன்றத்தில்தான் வெளிப்பட்டது. 'ஓ.எசு.2' என்னும் போட்டி முறைமையை விற்றுவந்த ஐ.பி.எம். நிறுவனத்திற்குத் தன் கணிப்பொறிகளில் விண்டோசு 95ஐ இட்டு விற்கும் உரிமம், வெளியீட்டு விழாத் தொடங்க 15 மணித்துளிகளே இருந்தபோதுதான் கிடைத்தது. போட்டியைக் கைவிடாமைக்கு அளிக்கப்பட்ட ஒறுப்பு அது என்று நடுவர் தாமசு பென்பீல்டு சாக்சன் கண்டறிந்தார்.

'ஓ.எசு.2'க்கு மென்பொருள்கள் குறைவு. ஆகவே வீழ்ந்தது என்பதே தாளிகைகள் பல்கால் உரைத்த தீர்ப்பு. குறை உண்மையே, ஆயின் அஃது எங்கிருந்து வந்தது? பயனர் மிகுந்த முறைமைக்கே மென்பொருள் எழுதுவர். மென்பொருள் மிகுந்த முறைமையையே பயனர் நாடுவர். இவ்வட்டமே போட்டியாளர் நுழையவியலாத அரண் என்று சாக்சன் விளக்கினார். அரணை அரணென்று கூறாது, வெளியே நிறுத்தப்பட்டவனை ஆற்றலற்றவன் என்றெழுதுவது நடுநிலையாகுமா?

கடமையுணர்ந்தாரும் இல்லாமலில்லை. 'விண்டோசு 3.1'இன் முன்னோட்டப் பதிப்பில், 'டி.ஆர். டாசு' என்னும் போட்டி முறைமையைக் கண்டால் பிழைச்செய்தி காட்டும் நிரலொன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆண்டுரூ சூல்மன் 1993இல் 'டாக்டர் டாபுசு சர்னல்' இதழில் அதனைப் பிரித்துக் காட்டினார். விற்பனைக் கணக்கைப் படியெடுக்காமல் நிரலையே திறந்து படித்தமையால் கிடைத்த உண்மை அது.

பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்டுசு 1991இல் தொடங்கிய இலினக்சைப் பற்றியோ, "மேசைக் கணிப்பொறியில் விண்டோசை என்று வீழ்த்தும்?" என்ற வினாவே ஆண்டுதோறும் எழுப்பப்பட்டது. அளவுகோலே வலியவனுடையது! 2017 நவம்பர்ப் பட்டியலில் இடம்பெற்ற உலகின் விரைவுமிக்க 500 கணிப்பொறிகளும் இலினக்சிலேயே இயங்கின.

இவ்வட்டம் தமிழர்க்குப் புதிதன்று. தமிழில் அறிவியல் நூல்கள் குறைவு. எனவே தமிழில் உயர்கல்வி ஆகாது என்பர். தமிழில் கற்பியாமையால் நூல்கள் பெருகா. நூல்கள் பெருகாமையே கற்பியாமைக்குச் சான்றாகக் காட்டப்படும். விளைவையே கரணியமாக்கும் இப்பொய்யேரணத்தை மொழிக்களத்திலும் இனங்காண்க! "குறை" என்று எந்தத் தாள் எழுதினும், அக்குறையை ஆக்கியவர் யார், அதனால் ஊதியம் பெறுபவர் யார் என வினவுக! வினவாத இனம் பிறர் தீர்ப்பையே தன் விதியென நம்பி வாழும்.