சம்ப்புக்குள் யாரும் இறங்க வேண்டாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் முதல் செய்தியே, "குழாயில் தண்ணீர் வரவில்லை." கீழே இறங்கிப் போனால், மோட்டார் ரூம் பலகையில் சம்ப் நிறைந்திருப்பதாகப் பச்சை விளக்கு எரிகிறது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் அரை அடித் தண்ணீர். மோட்டார் தண்ணீர் இல்லாமலே ஓடி, தொட முடியாத சூட்டில் இருந்தது.

சிறுசேரியில் குடியிருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2019 ஜூன் மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு போய், ஓஎம்ஆர் கம்பெனிகள் பிள்ளைகளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன கோடை அது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-இல் வந்தது, 2024-இல் இரண்டாவதும் வந்துவிட்டது. எங்கள் சம்ப்புக்கு இன்னும் லாரிதான். சம்ப்பில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாவிட்டால் லாரிக்கு எப்போது சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மணிக்கு மெக்கானிக் ஒரு பையனோடு வந்தார். சம்ப்பின் பக்கச் சுவரில், மூடியிலிருந்து எட்டாத இடத்தில் பழைய சென்சார் கம்பிகளைப் பொருத்தியிருந்தார்கள். பையன் சட்டையைக் கழற்றிவிட்டான்.

"ரெண்டு நிமிஷம் சார், இறங்கி மாத்திட்டு வந்துர்றேன்."

"வேணாம் தம்பி, மேலயே நில்லு" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டாம் மாடியில் ஜன்னல் திறந்தது.

கப்பல் இன்ஜின் ரூமில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். மூடிக்கிடந்த டேங்க்கில், உள்ளே காற்றைச் சோதிக்காமல், வாசலில் ஓர் ஆளை நிறுத்தாமல் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். 2015-லிருந்து உலகம் முழுக்க, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கப்பல் ஊழியர்கள் இதற்கு ஒத்திகை பார்த்தாக வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். இரும்பு டேங்க்கில் துரு அதைத் தின்றுவிடும். வீட்டுச் சம்ப்பில் அடியில் அழுகும் சகதி, சுத்தம் செய்ய உள்ளே இறக்கும் பெட்ரோல் பம்ப்பின் புகை, புதிதாகப் பூசிய பெயின்ட்டின் ஆவி என்று ஆபத்துகள் வேறு. ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டும், மேலே ஏறிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் முட்டவே முட்டாது, நினைவு தப்பிவிடும். விழுந்தவனைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் போய்விடுகிறான். செய்தித்தாளில் இந்த இரண்டாவது ஆளைப் பற்றி எத்தனை தடவை படித்துவிட்டோம்!

கப்பலில் எத்தனை மீட்டர் இருந்தாலும் நாங்கள் நம்பியது சவுண்டிங்கைத்தான். டேங்க்கின் அடி வரை போகும் ஒரு குழாய். மேலிருந்து பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை இறக்கி, எது வரை நனைந்திருக்கிறது என்று பார்ப்போம். எண்ணெய் டேங்க்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால், குண்டில் தடவிய பசை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதற்கு ஒரு திருத்தக் கணக்கு. எல்லாம் வெளியில் நின்றபடியே. நம் கோவளத்துப் படகுக்காரர் எண்ணெய்க் கேனைக் கையால் தூக்கிப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடுவார், அது தனிக் கலை.

மாலை அசோசியேஷன் கூட்டம். செயலாளர் கம்ப்யூட்டர்காரப் பிள்ளை, நல்ல பையன். ஒலி அலையால் மட்டம் பார்க்கும் சென்சார் வேண்டும் என்றார். "அங்கிள், ஃபோன்லயே பார்த்துக்கலாம்." பார்க்கலாம்தான். அது தண்ணீரைத் தொடாது என்பதும் நல்ல குணம். ஆனால் மூடிய சம்ப்பில் அதன் முகத்தில் நீர்த்துளி கோர்த்துக்கொள்ளும், பக்கத்தில் போகும் குழாயைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும். தலைக்குக் கீழே முதல் கொஞ்ச தூரத்துக்கு அதற்குக் கண் தெரியாது, அதனால் சம்ப் நிறையும் நேரத்தில்தான் தடுமாறும்.

பழையது ஏன் ஏமாற்றியது என்றும் கேட்டார்கள். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. கம்பிகளுக்கு நடுவே உப்பும் அழுக்கும் ஈரமாகப் பாலம் கட்டிவிட்டன. மின்சாரம் அதன் வழியாகப் போனதும், தண்ணீர் நிறைந்துவிட்டது என்று பலகை நம்பிவிட்டது.

நான் கேட்டது அழுத்தத்தை அளக்கும் சென்சார். கேபிளில் கட்டி அடியில் தொங்கவிட்டால், தலைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் பாரத்தை வைத்து மட்டம் சொல்லும். அந்தக் கேபிளுக்குள் வெளிக்காற்றுக்கென்று ஒரு மெல்லிய குழல் இருக்கும். எலெக்ட்ரீஷியன் அதன் வாயை டேப் சுற்றி அடைத்துவிட்டால் வானிலை மாறும்போதெல்லாம் மட்டமும் மாறும், பத்து சென்டிமீட்டர் கூடப் பிசகலாம். பணம் போதாது என்றால் காந்த மிதவை போதும். எதுவானாலும் என் நிபந்தனை ஒன்றுதான். மூடிக்கு நேர் கீழே, அடியில் துளைகள் போட்ட ஒரு பிவிசி குழாய், அதற்குள் சென்சார். கெட்டுப்போனால் வெளியில் நின்றே உருவி எடுத்து, புதியதை இறக்கிவிடலாம்.

"பழைய இடத்திலேயே மாட்டினா செலவு கம்மி" என்றார் ஒருவர். அப்படியானால் அதை மாற்ற நீங்கள் இறங்குவீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியும் அதையே சொன்னாள்.

இப்போது குழாயும் அழுத்த சென்சாரும் வந்துவிட்டன, ஃபோனிலும் தெரிகிறது. கூடவே ஓர் அலுமினியக் கம்பியில் சென்டிமீட்டர் கோடு போட்டு மோட்டார் ரூமில் மாட்டியிருக்கிறேன். எங்கள் சம்ப் நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர். ஒரு சென்டிமீட்டர் என்றால் 120 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஊற்றினால் சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும். வாட்ச்மேன் லாரிக்கு முன்னும் பின்னும் கம்பியை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். போன வாரம் ஒரு லோடுக்கு 88 சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது. லாரி டிரைவரிடம் நோட்டைக் காட்டினார். அடுத்த லோடு 99.