நான்கு மணி நேரத் தொலைவு

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். விமானம் அதனை ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகின்றது. சென்னையில் இரவு இரயிலேறி நெல்லைக்குச் செல்பவர் கண்விழிக்கும் முன்னரே, அதே வேளையில் விமானமேறியவர் சிங்கப்பூரில் இறங்கிவிடுகின்றார்.

ஆயினும் பயண அட்டவணையைக் காண்போர் சற்றே மயங்குவர். இங்கிருந்து நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டால் அங்கே காலை 6.30 மணிக்குச் சேர்கின்றோம். அங்கிருந்து மாலை 6 மணிக்குப் புறப்பட்டாலோ இரவு 7.30 மணிக்கே சென்னையில் இருக்கின்றோம். போகும் வழி நீண்டு, வரும் வழி சுருங்கிற்றா? இல்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகின்றது, அவ்வளவே. கடிகாரத்தை மட்டும் பார்த்துத் தொலைவை அளப்பவர் ஏமாந்து போவார் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் முன்னோர்க்கு இத்தொலைவு எளிதாய் இருந்ததில்லை. பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கப்பலில் சென்ற சோழமண்டலக் கரை முஸ்லிம்கள், 1828 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் டெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவை எழுப்பினர். நீராவிக் கப்பல் ஓடிய காலத்தில், 1887-இல், மகுதூம் சாயபு அங்கே 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். பின்னாளில் 'சிதம்பரம்' கப்பல் ஏறத்தாழ ஒரு வாரப் பயணத்தில் இரு கரைகளையும் இணைத்தது. 1985 பிப்ரவரியில் அது தீவிபத்துக்கு உள்ளானபின் அக்கப்பல் வழியும் மறைந்தது.

கடப்பதற்கு நாள்கள் பல ஆன காலத்திலேயே தொழுகையும் தமிழும் இதழும் அக்கடலைக் கடந்தன. நான்கே மணி நேரத்தில் கடக்கும் நாம் எதைக் கொண்டு வருகின்றோம்? உறவினர் பெட்டிகளில் தைலமும் இனிப்பும் துணியும் வருகின்றன, நூல் வருகின்றதா? தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதைப் பெருமையுடன் மேடையில் முழங்குகின்றோம். ஆனால் கடையநல்லூரில் பிறந்து சிங்கப்பூர்க் கவிஞராய் உயர்ந்து, 2014-இல் அந்நாட்டின் கலாசாரப் பதக்கம் பெற்ற க.து.மு. இக்பாலின் கவிதைகளையோ, இராம. கண்ணபிரானின் சிறுகதைகளையோ நம்முள் எத்தனை பேர் படித்துள்ளோம்?

நூல் கிடைப்பதில்லை என்னும் விடை ஒரு காலத்தில் பொருந்தியிருக்கலாம். இன்று அது முழுமையாகப் பொருந்தாது. சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பல மின்வடிவாக்கப்பட்டு 2015-இல் அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் வழியே படிப்பவர் கைக்கு வந்துவிட்டன. அந்நூல்களுக்கு நான்கு மணி நேரமும் வேண்டா. நான்கு நொடிகள் போதும். ஆதலின் இப்போது எஞ்சியிருக்கும் தொலைவு கடலின் தொலைவன்று. நம் ஆர்வக்குறையின் தொலைவேயாகும்.

இத்தொலைவைக் குறைக்கப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. தமிழ் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு சிங்கப்பூர் நூலையேனும் படித்து, வகுப்பில் அதனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுதல் வேண்டும். அங்கிருந்து வரும் உறவினரிடம் ஒரு நூலும் கேட்டு வாங்குதல் வேண்டும். விமானம் உடலை விரைவாகக் கொண்டு சேர்க்கும். உள்ளத்தைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நம்முடையதே அன்றோ!