ஒன்பது வீடு, ஒரே கேட்!

உக்கடம் பெரியகுளத்துப் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்தபோது, செகண்ட் ஷோ போய்வர 'எனக்கு மட்டும்' கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

"அதெப்படீங் தம்பி? உங்களுக்குத் தொறந்து வெச்சா ஒம்பது ஊட்டுக்கும் தொறந்த மாதிரிதானுங்க!" என்றார் ஓனரம்மா.

லினக்ஸும் இதையேதான் சொல்கிறது.

நெட்வொர்க் கார்டு மாதிரி சாதனங்கள் ப்ராஸசரைக் கேட்காமலே மெமரியில் எழுதக்கூடியவை. நடுவில் ஐஓஎம்எம்யூ என்றொரு வாட்ச்மேன். சாதனம் சொல்லும் விலாசத்தைப் பட்டியலில் பார்த்து, நிஜ விலாசத்துக்கு மாற்றி அனுப்புவார். பட்டியலில் இல்லையா, விரட்டிவிடுவார். அந்தப் பட்டியலுக்குப் பெயர் டொமைன். சாதனத்தை அதோடு இணைத்துவிடுவது கெர்னலில் டிரைவர் வேலை. ஆனால், தனித்தனியே காவல் போட முடியாத சாதனங்கள் எல்லாம் ஒரே குரூப். குரூப் முழுக்க ஒரே டொமைன்!

போன மாதம் ஒரு நெட்வொர்க் கார்டை மட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்கப் பார்த்தேன். அதே குரூப்பில் டிஸ்க் கன்ட்ரோலர். லினக்ஸ் முடியாது என்றுவிட்டது. திட்டினேன்.

அப்புறம் 2019-ல் வெளியான 'தண்டர்க்ளாப்' ஆராய்ச்சியைப் படித்தேன். காவல் தளர்ந்தால், வெளியே செருகும் போலிச் சாதனம் ஒன்றே மெமரியைச் சூறையாடிவிடுமாம். வாயை மூடிக்கொண்டு கார்டை வேறு ஸ்லாட்டில் மாட்டினேன். தனி குரூப் கிடைத்தது!

இப்போது வீட்டுக்கும் தனி கேட்தான் சார். வாடகைதான் டபுள்!