பசுமைக் குழுவில் துடைப்பத்துக்கு இடமில்லை

கல்லூரிக்குக் கல்லூரி இப்போ பசுமைத் தணிக்கை. நாக் மதிப்பெண்ணுக்கு அது வேணும். பேராசிரியர்கள் கன்று நட்டுப் படம் பிடிக்கிறார்கள். தண்ணி ஊத்துறது யாரு? பாளையம்பட்டி மாதிரி வானம் பார்த்த ஊர்க் காலனிகளிலிருந்து விடியுமுன்னே வருகிற ஒப்பந்தக் கூலி அக்காதான். கண்மாய் வறண்டா முதலில் குடம் தூக்கி அலையறதும் அவங்கதான்.

குப்பையைப் போடுகிறவரே பிரித்துத் தரணும் என்றது 2016 விதி. நான் பார்த்த கல்லூரியில் ஆசிரியர் அறைக் கூடையில் எச்சில் இலையும், 2019 ஜனவரியிலேயே தடையான பிளாஸ்டிக் குவளையும் ஒண்ணாக் கிடந்தது. வெறுங்கையால் பிரித்த அக்கா பசுமைக் குழுவில் இல்லை.

தோழர்களே, சூரியத் தகடு வேணாங்கல. அவரவர் குப்பையை அவரவர் பிரிக்கட்டும். துப்புரவாளருக்கு நிரந்தர வேலை, கையுறை, குழுவில் ஒரு நாற்காலி கேட்போம். அதுவரை அந்தப் பச்சைக்கு அடியில் இருப்பது சாதி அழுக்குதான்.