புரியும் மொழியில் சொல்லுங்கள்

மும்பை ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் வரிசையில் காலை முதல் காத்து நிற்பவர்களில் நம்மவர் பலர். அரை நாள் கூலியை இழந்து நின்றால், டாக்டருடன் பேசக் கிடைப்பது சில நிமிஷங்கள். அவர் இந்தியிலோ மராத்தியிலோ சொல்வதில் பாதி புரிவதில்லை. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். தலையை ஆட்டிவிட்டுச் சீட்டுடன் வெளியே வருகிறோம்.

இந்தத் தலையாட்டலுக்கு விலை உண்டு. காசநோய்க்கு சாதாரணமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடும். சுகமாகிவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்துகிறவர் உண்டு. சாகாமல் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி மீண்டும் தாக்கக்கூடும். சிறுநீர் சிவப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவரும் உண்டு. அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பாரா? அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. அதனுடன் விளக்கமும் சேர்ந்தால்தான் மருந்து வேலை செய்யும்.

இது சலுகையல்ல, உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், நோயின் விவரத்தை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்கிறது. சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2008-ல் தீர்ப்பளித்தது. புரியாத தாளில் வாங்கும் கைநாட்டை எப்படிச் சம்மதம் என்பது?

டாக்டர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் முன் நிற்கும் கூட்டம் அப்படி. ஆனால் தமிழர் மிகுதியாக வரும் ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த ஓர் உதவியாளரை அமர்த்துவதும், மருந்து உண்ணும் முறையைத் தமிழில் அச்சிட்டுத் தருவதும் மாநகராட்சிக்குப் பெரிய செலவல்ல. நம் தமிழ்ச் சங்கங்களும் விழா எடுப்பதோடு நில்லாமல், வாரம் ஒரு நாள் மொழி தெரிந்த இளைஞர்களை அங்கே அனுப்பலாம்.

நம் பங்கும் உண்டு. பழைய சீட்டுகளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். என்ன நோய், எத்தனை நாள் மருந்து, எப்போது மறுபடி வரவேண்டும் என்ற மூன்றையும் கேட்டறியாமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. உடம்பு நம்முடையது, நம்மை நம்பி ஊரில் ஒரு குடும்பமும் இருக்கிறது.